கைச்சூடும் உட்செவியும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடிகளில் கைக்குழந்தை இருக்கும் வீடு எது என்று அறிந்துகொள்ள எவரும் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நடந்து சென்றால், ஏதோ ஒரு வாசலுக்குள்ளிருந்து இரும்புச் சுருள்வில் ஒன்று சீரான கதியில் கிறீச்சிடும் ஓசையும், அதனூடே ஒரு சிசுவின் விம்மலும், "இறக்கி வெச்சா போதும், தேள் கொட்டின மாதிரி கத்துது" என்று அலுத்துக்கொள்ளும் பாட்டியின் குரலும் தாமாகவே காதில் வந்து விழும். அந்தச் சுருள்வில் மலாய்க்காரர்கள் 'புவாயான்' என்று வழங்கும் தொட்டிலுக்கு உரியது. கூரையிலோ கதவு நிலையிலோ பொருத்திய கொக்கியில், அல்லது இதற்கென்றே கடையில் விற்கும் இரும்புச் சட்டத்தில், ஸ்பிரிங்கை மாட்டி, அதன் கீழ்முனையில் பாத்தேக் கைலியைத் தொங்கவிட்டு, அதற்குள் குழந்தையைக் கிடத்துவார்கள். பழைய சேலையை உத்தரத்தில் கட்டித் தூளியாட்டும் வழக்கத்தோடு கப்பலேறி வந்த நம்மவர்களின் வீடுகளிலும் இது வெகு காலத்துக்கு முன்பே புகுந்துவிட்டது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே ஒரு பிரச்சினைக்காகத்தான். குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சலில்லை, பூச்சிக்கடியில்லை, எடுத்துத் தோளில் சாய்த்தால் உடனே அடங்குகிறது, பாயில் விட்டால் மறுகணமே முகம் சிவக்கக் கதறுகிறது. இதைப் பார்க்கும் பெரியவர்களுள் ஒரு சாரார், "கைச்சூடு பழகிவிட்டது, இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் இறக்கவே விடாது, கொஞ்ச நேரம் அழ விட்டால் தானே அடங்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இது நம் பாட்டிமாரின் அபிப்பிராயம் மட்டுமன்று. அமெரிக்காவில் 1894-ஆம் ஆண்டில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை வைத்தியர் வெளியிட்ட வளர்ப்பு நூலும், 1928-இல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் எழுதிய நூலும் ஏறக்குறைய இதே உபதேசத்தையே சாஸ்திரத்தின் பெயரால் செய்தன. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அதைப் பின்பற்றவும் செய்தார்கள். அந்த உபதேசம் பிழையானது என்பதே என் துணிபு. எடுத்தால் அடங்கி இறக்கினால் அழும் குழந்தை கெட்ட பழக்கத்துக்கு ஆளானதன்று; தன் இனத்துக்கு உரிய சுபாவத்தின்படியே அது நடந்துகொள்கிறது.

இதற்குரிய சாட்சியத்தைத் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. சுங்கை பினாங் ஆற்றின் வழியே மேலே சென்றாலே போதும். அந்த ஆற்றுக்கு நீர் கொண்டுவரும் கிளைகளுள் ஒன்றான ஆயர் தெர்ஜுன், தைப்பூசத்தன்று காவடிகள் திரளும் தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து, 1884-ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் அமைத்த தாவரவியல் பூங்காவின் ஊடாக இறங்கி வருகிறது. அந்தப் பூங்காவின் மரங்களில், கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் தீட்டினாற்போன்ற கருஞ்சாம்பல் நிற இலைக்குரங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. தாய் எவ்வளவு கருமையோ அவ்வளவு பளிச்சென்ற பொன்னிறத்தில் பிறக்கிறது அதன் குட்டி; பிறந்த நாள் தொட்டே தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு, அவள் கிளைக்குக் கிளை தாவும்போதெல்லாம் கூடவே போகிறது. ஆறு மாதமளவில் அந்தப் பொன்னிறம் மங்கித் தாயின் நிறம் படரும்வரை, தாயின் உடலோ கூட்டத்துப் பிற பெண் குரங்குகளின் உடலோதான் அதற்கு உலகம். கிளையில் தனியே வைக்கப்பட்ட குட்டி கீச்சிட்டு அழுவதையும், தாய் விரைந்து வந்து அதை அள்ளிக்கொள்வதையும் பொறுமையுள்ள எவரும் அங்கே பிரத்யட்சமாகக் காணலாம்.

அதே தீவின் காடுகளில், பார்வைக்கு அணிலைப் போலிருக்கும் மரமூஞ்சூறு என்ற சிறு பிராணியும் வாழ்கிறது. இதன் இனத்தைச் சேர்ந்த பிராணிகளை அடைத்து வளர்த்து 1960-களில் ஆராய்ந்த ராபர்ட் மார்ட்டின், விசித்திரமான ஓர் உண்மையைக் கண்டார்: தாய் ஒரு கூட்டிலும் குட்டிகள் வேறொரு கூட்டிலும் வசிக்கின்றன, இரண்டு நாளைக்கு ஒரு தடவை மட்டும் தாய் வந்து, சில நிமிஷங்களில் குட்டிகளின் வயிறு புடைக்கப் பாலூட்டிவிட்டுப் போய்விடுகிறது. இடைப்பட்ட நேரமெல்லாம் குட்டிகள் ஓசையின்றிக் கிடக்கின்றன. அவை அழுதால் பாம்புக்கும் மரநாய்க்கும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இவ்வளவு நீண்ட இடைவெளியைத் தாங்குவதற்கேற்ப, மரமூஞ்சூற்றின் பாலும் கொழுப்பு மிகுந்து கெட்டியாக இருக்கிறது.

பாலூட்டிகளில் குட்டியை ஒளித்துவைத்துப் போகும் இனங்கள் என்றும், குட்டியைச் சுமந்து திரியும் இனங்கள் என்றும் இரு பெரும் வகைகள் இருப்பதையும், அவற்றின் பாலின் தன்மை அதற்கேற்ப மாறுவதையும் கொண்டு, மனிதன் எந்த வகையைச் சேர்ந்தவன் என்ற கேள்வியை நிக்கலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸ் 1972-இல் ஆராய்ந்தார். மனிதத் தாயின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவிலும், புரதம் ஒரு பங்கு அளவிலுமே உள்ளன. அது நீர்த்த பால். அடிக்கடி, சிறிது சிறிதாகக் குடிப்பதற்காக அமைந்த பால். அப்படிக் குடிக்க வேண்டுமானால் தாய் எப்போதும் அருகிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே மனிதக் குழந்தை இலைக்குரங்கின் குட்டிக்குச் சொந்தமேயன்றி மரமூஞ்சூற்றின் குட்டிக்குச் சொந்தமன்று. ஆனால் ஒரு பரிதாபகரமான வித்தியாசம்: நம் குழந்தைக்குப் பற்றிக்கொள்ளும் விருப்பம் இருக்கிறது, பலம் இல்லை, பற்றிக்கொள்ளத் தாயின் உடலில் மயிரும் இல்லை. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிப்பதும், தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் இரு கைகளையும் விரித்துப் பின்பு அணைப்பதற்கு வருவதுமாகிய அனிச்சைச் செயல்கள் (பின்னதை 1918-இல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரிய வைத்தியர் விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது) அந்தப் பழைய பற்றுதலின் எச்சங்கள் என்று கருதுவதற்கு இடமுண்டு. தானாகப் பற்றிக்கொள்ள இயலாத சிசுவுக்கு, தன்னைப் பற்றிக்கொள்ளும்படி பிறரை அழைப்பதற்கு இருக்கும் ஒரே உபாயம் அழுகை.

இனி, எடுத்தவுடன் ஏன் அடங்குகிறது என்பதைப் பார்ப்போம். ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில் குமி குரோதாவும் ஜியான்லூகா எஸ்பொசிட்டோவும் அவர்களுடைய குழுவினரும் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் இருதயத் துடிப்பைக் கருவியால் பதிவுசெய்தவாறே, தாய் அவர்களை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் நிலையையும், தூக்கிக்கொண்டு நடக்கும் நிலையையும் ஒப்பிட்டார்கள். தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில வினாடிகளுக்குள்ளேயே குழந்தையின் கைகால் உதைப்பு நின்றது, அழுகை தணிந்தது, இருதயத் துடிப்பும் இறங்கியது. உட்கார்ந்து அணைத்திருப்பதால் மட்டும் இவ்வளவு விரைவான மாற்றம் நிகழவில்லை. "மடியிலே வெச்சிருந்தாலும் அழுவான், எழுந்து நடக்கணும் இவனுக்கு" என்று தாய்மார்கள் சொல்வது குழந்தையின் பிடிவாதத்தைப் பற்றிய புகாரன்று, பிழையற்ற ஓர் அவதானம் என்பது இதனால் உறுதிப்பட்டது.

எலிக்குஞ்சுகளிடமும் இதே மூன்று மாற்றங்களையும் அவர்கள் கண்டார்கள். தாயெலி பிடரித்தோலைக் கவ்வித் தூக்கும் பாவனையில் குஞ்சைத் தூக்கினால், அது உடலைச் சுருட்டிக்கொண்டு அசைவற்று, மனிதச் செவிக்கு எட்டாத தன் அழுகையையும் நிறுத்திவிடுகிறது. பிடரியின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்துவிட்டால் குஞ்சு அடங்காமல் நெளிகிறது. அப்படி நெளியும் குஞ்சை அபாயத்திலிருந்து தூக்கிச் செல்லத் தாய்க்கு அதிக நேரம் பிடிக்கிறது. தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய தருணத்தில் அடங்கிக் கிடக்கும் குட்டி பிழைக்கும், திமிறும் குட்டி இரையாகும். ஆகவே நடையோடு சேர்ந்த ஸ்பரிசம் வந்ததும் அமைதி கொள்ளும் சுபாவம் பல பாலூட்டி இனங்களில் நிலைபெற்றது போலும்.

நடையை உணரும் கருவி உட்செவிக்குள் இருக்கிறது. ஒலியைக் கேட்கும் நத்தைவடிவ உறுப்பை ஒட்டி, திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் அமைந்துள்ளன. தலை திரும்புவதைக் குழாய்களும், மேலும் கீழும் முன்னும் பின்னும் அசைவதைப் பைகளும் உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. கருப்பையில் இருக்கும்போதே இவ்வுறுப்புகள் உருவாகிச் செயல்படத் தொடங்கிவிடுவதால், பிறப்பதற்கு முன்பே சிசு தாயின் நடையை மாதக்கணக்கில் அனுபவித்திருக்கிறது.

இங்கேதான் சுங்கை பினாங்கின் ஸ்பிரிங் தொட்டில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானதாகிறது. அந்தோணி ஆம்புரோஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1960-களில் சிசுக்களை மேலும் கீழுமாக ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு ஆட்டும் கருவியொன்றை வைத்துப் பரிசோதித்ததை, ஜான் பௌல்பி 1969-ஆம் ஆண்டின் தமது நூலில் எடுத்துரைக்கிறார். மெதுவான ஆட்டத்தால் அழுகை தணியவில்லை. ஆட்டம் நிமிஷத்துக்கு அறுபது தடவையை எட்டியதும் குழந்தைகள் அழுகையை நிறுத்தின. அறுபது என்பது குழந்தையைச் சுமந்துகொண்டு நிதானமாக நடக்கும் ஒருத்தியின் அடிகளுக்கு நெருங்கிய கணக்கு. இப்போது நம் தூளியைக் கவனியுங்கள். உத்தரத்திலிருந்து இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் தூளி ஒரு முறை போய்த் திரும்ப, ஊசலின் விதிப்படி, சுமார் 2.8 வினாடி ஆகும், அதாவது நிமிஷத்துக்கு இருபத்தொரு ஆட்டம், அதுவும் பக்கவாட்டில். ஸ்பிரிங் தொட்டிலோ மேலும் கீழுமாக ஆடுகிறது. குழந்தையின் பாரத்தால் சுருள்வில் 25 சென்டிமீட்டர் நீண்டு நிற்குமானால், அது தானாக ஆடும் கதி வினாடிக்கு ஒன்று, நிமிஷத்துக்கு அறுபது. எந்தச் சூத்திரத்தையும் படிக்காமல், கையால் இழுத்து, குழந்தை அடங்குவதைக் கண்ணால் பார்த்து, தாயின் நடையை இவ்வளவு நெருங்கிவந்த ஒரு கருவியை எளிய மக்கள் கண்டடைந்திருக்கிறார்கள் என்பதை நான் உண்மையான மரியாதையோடு சொல்கிறேன். குழந்தை பாரமாக ஆக ஆகச் சுருள்வில் மேலும் நீண்டு ஆட்டம் மந்தமாகும். இரண்டாவது ஸ்பிரிங்கைச் சேர்த்து மாட்டும்போது பாரம் பங்கிடப்படுவதோடு, வேகமும் பழையபடி கூடுகிறது.

ஆயினும் தொட்டிலில் ஸ்பரிசம் இல்லை. குரோதாவின் குழு 2022-இல் வெளியிட்ட இரண்டாவது ஆராய்ச்சி இந்தக் குறையைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஏழு மாதத்துக்குட்பட்ட இருபத்தொரு சிசுக்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது, மடியில் வைத்து உட்காருவது, அசையாத தொட்டிலில் விடுவது, அசையும் தொட்டிலில் விடுவது என்ற நான்கு நிலைகளிலும் கவனித்தார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தைகளைத் தாய் தூக்கிக்கொண்டு, திடீர்த் திருப்பங்கள் இல்லாமல், ஐந்து நிமிஷம் தொடர்ந்து நடந்தபோது எல்லாக் குழந்தைகளும் அழுகையை நிறுத்தின. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் உறங்கியும் விட்டன. இனிதான் கஷ்டம். உறங்கிவிட்டதென்று எண்ணிக் கிடத்தியபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகள் இருபது வினாடிக்குள் விழித்துக்கொண்டன. முதுகு மெத்தையில் படுவதால் விழிக்கிறது என்றே நாம் இதுவரை எண்ணி வந்தோம். இருதயத் துடிப்பின் பதிவோ, தாயின் உடலை விட்டுக் குழந்தையின் உடல் பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே துடிப்பு விரைவதைக் காட்டியது. மெத்தையின் குளிர்ச்சியை நீக்கத் துணியைச் சூடாக்கிப் போடுவோரின் பிரயத்தனம் ஏன் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பது இதனால் விளங்குகிறது. தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை தாய் குழந்தையை அணைத்தபடியே உட்கார்ந்திருந்து, உறக்கம் ஆழமான பின் கிடத்தினால், குழந்தை விழிக்காமல் தொடர்ந்து உறங்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்களுடைய முடிவு.

அழுகைக்கு வயதுக்கணக்கும் உண்டு. அமெரிக்க வைத்தியர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் எண்பது குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரின் நாட்குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போன அழுகை ஆறாவது வாரத்தில் ஒரு நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரமளவில் உச்சத்தை எட்டிப் பின்பு இறங்கியது. அதிலும் பெரும்பகுதி மாலை வேளையில். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை காரணமில்லாமல் வீறிடுவதைக் கண்ணேறு என்று கருதி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டவர்கள் நேரத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். காரணத்தைத்தான் தவறாக யூகித்தார்கள். மூன்று நான்கு மாதத்தில் அழுகை தானாகவே குறைந்துவிடுவதால், அந்தச் சமயத்தில் எந்த ஓமத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தோமோ, எந்த எண்ணெயை வயிற்றில் தடவிக்கொண்டிருந்தோமோ, புகழ் அதற்குப் போய்விடுகிறது.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கலகாரிப் பாலைவனத்து வேட்டைக்குடியினரின் தாய்மார்கள் குழந்தையை நாள் முழுதும் உடலோடு சேர்த்தே சுமந்து வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கும் இதே ஆரம்ப வாரங்களின் உச்சம் உண்டென்றும், அழும் தடவைகளும் குறைவில்லையென்றும், ஆனால் ஒவ்வோர் அழுகையும் சீக்கிரமாக முடிந்துவிடுவதால் மொத்த நேரம் பாதியளவே என்றும் ரொனால்டு பார் முதலானோர் 1991-இல் எழுதினர். அதற்கு முன்பே, 1986-இல், அதே பாரும் உர்ஸ் ஹன்ஸிக்கரும் கனடாவின் மாண்ட்ரீயால் நகரில் தொண்ணூற்றொன்பது குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வழக்கத்தைவிடக் கூடுதலாக, அழாத போதும், சுமக்கச் செய்தார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிரிவுக் குழந்தைகளின் அழுகை நூற்றுக்கு 43 பங்கு குறைந்திருந்தது. பிற்கால ஆராய்ச்சிகள் சிலவற்றில் இவ்வளவு பெரிய பலன் தென்படவில்லை. கடும் அழுகை ஏற்கனவே தொடங்கிவிட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் சுமத்தல் அவ்வளவாக உதவவுமில்லை. எனினும் எந்த ஆராய்ச்சியும், தூக்கியதால் குழந்தை கெட்டது என்று காட்டவில்லை.

தூக்குவதற்குக் கைகள் வேண்டுமே என்பதுதான் நம் காலத்தின் உண்மையான துன்பம். ரப்பர்த் தோட்டங்களில் தாய் விடியுமுன் பால்வெட்டுக்குப் போக, ஆயாக்கொட்டகையில் வரிசையாகக் கட்டிய தூளிகளை ஆயா ஒருத்தி மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டிருப்பாள். அங்கே கைகள் குறைவு, குழந்தைகள் அதிகம். இன்றைய அடுக்குமாடியில் குழந்தை ஒன்றே ஒன்று. ஆயினும் பகல் முழுதும் இருப்பவை தாயின் இரண்டு கைகள் மட்டுமே. 2023 ஜனவரி முதல் மலேசியச் சட்டம் தாய்க்கு 98 நாள் பிரசவ விடுப்பும் தந்தைக்கு 7 நாள் விடுப்பும் வழங்குகிறது. அழுகை உச்சத்துக்கு ஏறும் ஆறாவது வாரத்தில் தந்தை வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் கடந்திருக்கும்.

ஆகவே ஸ்பிரிங் தொட்டிலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சில எச்சரிக்கைகள் அவசியம். துணிக்குள் குழந்தையின் முதுகு வளைந்து தாடை மார்பில் முட்டினால் மூச்சுப் பாதை ஒடுங்கும். ஆகவே கண்பார்வையில் இல்லாதபோதும் இரவு முழுதும் அதில் உறங்கவிடக் கூடாது. ஆழ்ந்து உறங்கியபின் சமதளமான, கெட்டியான மெத்தையில், மல்லாக்கக் கிடத்துவதே உத்தமம். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் விழாதபடி காப்புக் கயிறு இருக்க வேண்டும். குழந்தை புரளவும் எழ முயலவும் தொடங்கியதும் தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும். ஆட்டம் மென்மையாகவே இருக்கட்டும். சிசுவின் தலை பாரமானது, கழுத்து பலமற்றது. ஆத்திரத்தில் ஒருபோதும் குழந்தையை உலுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். பொறுமை அறுந்துவிடும் போலிருந்தால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சில நிமிஷம் வெளியே போய் நிற்பது எந்தத் தாய்க்கும் குற்றமாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எடுத்தும் நடந்தும் அடங்காத புதுவிதமான அழுகை இவற்றில் எது கண்டாலும் தொட்டிலையும் பாட்டி வைத்தியத்தையும் நம்பியிராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலுள்ள ஆண்மக்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நடப்பவர் ஆணா பெண்ணா என்று சிசுவின் உட்செவி பிரித்தறிவதில்லை. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்குங்கள். மார்போடு சேர்த்து அணைத்து, தாழ்வாரத்தில் ஐந்து நிமிஷம் சீராக நடந்து, உறங்கியதும் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருங்கள். அதற்குள் குழந்தையின் தாய் ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து சாப்பிடட்டும்.